எண்ணெய் குடித்த அடித்தோல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஷூ பழுதுபார்க்கும் கடையில் கிடைத்தது. என் ஷூவைத் திருப்பிப் பார்த்த கடைக்காரர் சொன்னார்: "எல்லாரும் மூஞ்சிக்குத்தான் சார் பாலிஷ் போடுறாங்க. அடித்தோலை எவனும் திரும்பிப் பாக்கறதில்ல. ஒருத்தர் பாத்தாரு. பாத்துக் கெடுத்துட்டாரு."

அந்த ஆளைப் பற்றி அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தக் காலையில் அந்த ஒருத்தர் தன் புது ஷூவை மாட்டிக்கொண்டு

(இல்லை. தோல் அடிப்பாகம் வைத்த ஷூவை அவர் மழையில் வெளியே எடுக்கவே மாட்டார். ஊறினால் சீக்கிரம் தேயும். மழையை நிறுத்திவிடுகிறேன்.)

2, மறுபடியும்

நல்ல வெயில். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். மனைவிக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, மகளோடு போய் மூன்று மாதம் ஆகிறது. இவரும் அங்கே மாற்றல் கேட்க வேண்டும். விண்ணப்பம் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடக்கிறது. மேலாளரம்மாவிடம் கொடுக்க இன்றே கடைசி நாள்.

"கிளம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி, தொலைபேசியில்.

"ஷூவுக்கு எண்ணெய் போட்டுட்டிருக்கேன்."

"இன்னைக்கா?"

"அடித்தோல் காஞ்சு கிடக்கும்மா. வெடிச்சிரும்."

"இங்க ஒருத்தி வெடிக்கப்போறா. அதுக்கு எந்த எண்ணெய்?"

[கடைக்காரர் சொல்லும் முறை: மண்ணைத் துடைத்து, இரண்டே சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி, ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து, நிழலில் ஒரு நாள் விட வேண்டும். நம் ஆள் அரைப் புட்டியைக் கவிழ்த்தார். பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டார். பயந்தவனுக்குக் கை சும்மா இருக்காது.]

3

மேலாளரம்மாவின் அறைக்குப் போகும் வழியில் போன வாரம்தான் வெளிர்சாம்பல் கம்பளம் விரித்திருந்தார்கள். மாலை நாலு மணிக்குக் கணக்குப் பிரிவு அக்கா அங்கே குனிந்து நின்றார்.

"யாரோ எண்ணெய்ச் சட்டியில இறங்கிட்டு வந்திருக்காங்க."

கூட்டம் சேர்ந்தது. தடங்கள் நான்கு முறை அறையை நோக்கிப் போயிருந்தன. நான்கு முறை திரும்பியிருந்தன. கதவெதிரே மட்டும் வெகுநேரம் நின்ற கறுப்பு.

"நம்ம அப்புறம்தான்," என்றார் டைப்பிஸ்ட்.

"எப்படிச் சொல்றே?"

"கதவுவரைக்கும் போயிருக்கு. உள்ள போகலையே."

பீரோவுக்குப் பின்னால் நின்று நம் ஆள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவர் யாரிடமும் சொல்லாததைக் கால் சொல்லிவிட்டது.

4

(இங்கே அவரை வழுக்கி விழவைக்கலாம். ஒரு வரைவில் விழவைத்தேன். சறுக்கிக்கொண்டே உள்ளே போய், விண்ணப்பம் பறந்து மேலாளரம்மாவின் மடியில் விழுந்தது. சிரித்தேன். ஆனால் தானாக விழுந்தால் அது அவர் கொடுத்ததாகாது. அடித்துவிட்டேன்.)

5

சத்தம் கேட்டு மேலாளரம்மா கதவைத் திறந்தார். கூட்டம் கல் விழுந்த காக்கைக் கூட்டமாகக் கலைந்தது.

"யாரோட கால் இது?"

நம் ஆள் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இன்னும் கறை படியக்கூடாதென்று ஷூவைக் கழற்றினார். ஒன்றோடொன்று உரசினால் தோல் கீறுமே என்று கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, வெறும் சாக்ஸோடு கம்பளத்தைக் கடந்து, முதல்முறையாக அறைக்குள் நுழைந்தார். உள்ளேயும் அதே கம்பளம்.

"நாலு தடவை வந்திருக்கீங்க."

"ஆமா மேடம்."

"நான் கிளம்பணும். என்ன விஷயம்?"

"ஒரு விண்ணப்பம் மேடம்."

"குடுங்க."

அவர் தன் சட்டைப்பையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். கீழே வைத்தால் கம்பளம் கெடும். மேசையில் வைத்தால் வேலையே போகும்.

கொடுத்தார் என்று எழுதப் பார்த்தேன், அவருக்குக் கை இல்லை. திரும்பிப் போனார் என்று எழுத மனமில்லை. மேலாளரம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

வாசகரே, உங்களுக்கு ஒரு கையாவது சும்மா இருக்கிறதுதானே? இந்த இடது ஷூவைக் கொஞ்சம் பிடியுங்கள்.