சாவி இறுகிய வாட்சு

சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கிளறிவிட்டு, கடைசி இழுப்பறையைப் படாரென்று மூடினாள் மகள். ரப்பர் பேண்டு இருக்கிறது, காலாவதியான மாத்திரை இருக்கிறது, எதற்கென்றே தெரியாத பத்து மூடிகள் இருக்கின்றன. ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர் மட்டும் இந்த வீட்டில் இல்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். சாயங்காலம் மயான வண்டி வந்துவிடும். அதற்குள் அவர் வாட்சு ஓடியாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

“நின்னுபோன வாட்சோட அவர அனுப்ப மாட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டுன மனுஷன்டி. ஒரு புள்ளைய ஒரு நாள் லேட்டா இறக்கிவிட்டதில்ல.”

தம்பி தன் வாட்சைக் கழற்றி நீட்டினான். “இதக் கட்டிவிடும்மா. ஒரிஜினல்.”

“உன் ஒரிஜினல நீயே வச்சுக்கோ.”

அப்பாவின் அந்த டூப்ளிகேட் வாட்சின் பேச்சை எடுத்தாலே மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா நடைபாதையில் வாங்கியது. டயலில் ஊரறிந்த கம்பெனியின் பெயர், உள்ளே யார் பெற்ற பிள்ளையோ. தினமும் காலையில் பக்கவாட்டுக் குமிழைத் திருகிச் சாவி கொடுத்தால்தான் ஓடும். அதில்தான் அவருக்குப் பெருமை. பேட்டரி வாட்செல்லாம் சோம்பேறிகளுக்கு என்பார். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பெருமைக்கு வந்தது கேடு. “சாவி இறுகிக் கெடக்கும்மா. திருகவே முடியல. நீ பாரேன்” என்று அவளிடம் கொண்டுவந்தார்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் ரிப்பேர் வேலை. குண்டூசித் தலையளவு திருகாணிகளோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவள். வாட்சு அவள் தொழில் இல்லைதான். ஆனாலும் அப்பா கேட்கும்போது முடியாது என்பதா? கடையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொண்டுவந்த பொருளை ஆட்டியோ திருகியோ பார்க்க மாட்டாள். முன்பொருமுறை அப்படிப் பார்த்தபோது, நீதான் உடைத்தாய் என்று ஒரு வாடிக்கையாளர் கடையையே இரண்டாக்கிவிட்டார். அன்றிலிருந்து என்ன கோளாறு என்று கேட்பாள், நேராகத் திறந்துவிடுவாள். அப்பாவின் வாட்சையும் அப்படித்தான் திறந்தாள். சாவியின் தண்டை உருவினாள். தண்ணீர் போகாமல் காக்கும் ரப்பர் வளையம் கொஞ்சம் காய்ந்தாற்போல் இருந்தது. கிரீஸ் தடவி மாட்டி, முழுச் சாவியும் கொடுத்து நீட்டினாள்.

இரண்டே நாளில் வாட்சு திரும்பி வந்தது. தூசியாக இருக்கும் என்று கழுவிக் கொடுத்தாள். மறுபடியும் வந்தது. ரப்பர் வளையத்தையே மாற்றினாள். அதன் பிறகும் வந்து நின்றார் மனிதர்.

“நீ குடுக்கறப்ப ஓடுது. மறுநாள் நான் திருகுனா கல்லு மாதிரி இருக்கு. காசு வாங்காம பாக்கற வேல இல்ல, அதான் இந்த லட்சணம்.”

“அப்பா, இது வாட்சே இல்ல. வாட்சு வேஷம் கட்டிட்டு வந்தது. தூக்கிக் கடாசுங்க, நல்லதா ஒண்ணு வாங்கித் தரேன்.”

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நின்ற வாட்சையே கட்டிக்கொண்டு திரிந்தார். அதற்கும் அவளுக்குக் கோபம்தான்.

இன்று காலையிலேயே தம்பியைத் தன் வீட்டுக்கு விரட்டியிருந்தாள், ரிப்பேர் பெட்டியை எடுத்து வர. மூச்சிரைக்க வந்தவன் நீட்டிய பெட்டியைத் திறந்தால், உள்ளே நகவெட்டியும் சீப்பும்.

“நீல பெட்டின்னு தானக்கா சொன்ன?”

“நீலம்னா இதுவாடா? மேஜை மேல இருக்கறதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!”

“கத்தாதக்கா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவளுக்கு அழுகை முட்டியது. செத்துப்போன அன்றைக்கும் இந்தச் சனியன் பிடித்த வாட்சு உயிரை வாங்குகிறதே என்று ஆத்திரம். திறக்க வழியில்லாத வாட்சைக் கையில் எடுத்து, உடைந்தால் உடையட்டும் என்று சாவியைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள்.

சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

நம்பாமல் மறுபடி திருகினாள். இரண்டு விரலால் மெல்லத் திருகினாள். இடது கையால் திருகினாள். எப்படித் திருகினாலும் வெண்ணெயாகச் சுற்றியது. நொடிமுள் துள்ளி ஓடத் தொடங்கிவிட்டது. இறுக்கம் என்று எதுவுமே அதில் இல்லை.

குளியலறையில் விழுந்தவரை முந்தாநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தலைக்குள் கட்டி என்று சொன்ன டாக்டர் ஒன்று கேட்டார். “கொஞ்ச நாளா வலது கையில பலம் கொறஞ்ச மாதிரி ஏதாவது சொன்னாரா?” தம்பி அவளைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள், தயங்காமல். “இல்ல டாக்டர். அப்படி ஒண்ணுமே சொல்லல.”

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டவும் தோன்றவில்லை, எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

“வண்டி வந்துடுச்சுக்கா” என்று வாசலிலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

வாட்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அம்மா அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். அவள் முகம் தெளிந்தது. “ஓடுதே! அப்படி என்னதான்டி கோளாறு இதுல?”

மகள் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“தூசிம்மா.”

“அதானே பாத்தேன். பாவம், மனுஷன் என்ன பாடுபட்டாரு இதோட.”

மகள் குனிந்து அப்பாவின் இடது மணிக்கட்டில் வாட்சைக் கட்டினாள். வார் வழக்கமான ஓட்டையில் நிற்காமல் உள்ளே இன்னொன்றுக்குப் போனது. பிறகு முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைப் போடப் போனவளின் கையை அம்மா விலக்கினாள்.

“விடு, நான் போடறேன். கொஞ்ச நாளா தெனமும் நான்தானே போட்டுவிடறேன். தையல்காரன் ஓட்டைய சின்னதா வச்சுட்டானாம். அவனத் திட்டாத நாளில்ல உங்கப்பா.”

பட்டன் ஒரே தடவையில் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது.