பக்தவத்சலம் கொடுத்த இன்டர்வியூ

என் பெயர் சகுந்தலா. இருபது வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று காலேஜில் மூன்று வருடமாகக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் வில்லங்கம் பண்ணியது என் பெயர் இல்லை, அப்பா பெயர்.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் எதைத் திறந்தாலும் கடைசிப் பெயர் கேட்கிறான். இந்தத் தெலுங்கு ஊரில் மற்றவர்கள் மாதிரி ரெட்டி, ராவ் என்று போட்டுக்கொள்ளத் தமிழர்களான எங்களுக்கு ஏது? அப்பா பெயரைத்தான் போட்டேன். நாற்பத்து மூன்று இடங்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள், மீதிப் பேர் அதைக்கூடச் சொல்லவில்லை. இந்தக் கோடையில் ஓர் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பிளேஸ்மென்ட்டில் உட்கார விடமாட்டோம் என்று காலேஜில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நாற்பத்து நாலாவது, பேகம்பேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது எனக்கு வெறுத்தே போயிருந்தது. எல்.கே.ஜி.யிலிருந்து எல்லா ஃபாரத்திலும் அப்பா நம்பரை எழுதிப் பழகிய கை, அதிலும் அதையே எழுதிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அப்பா லாலாகூடா ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கிறார். வேறு குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எட்டு மாதமாகப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அன்று சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சக்கு, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. பேகம்பேட்லேர்ந்து போன். பக்தவத்சலமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். உங்க அப்ளிகேஷன் விஷயம், உங்களப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. நான் குவார்ட்டர்ஸ் விஷயம்னு நெனச்சு பட்டறையில என் டிக்கெட் நம்பர், வேலை பாக்கற வீல் ஷாப், முப்பத்தோரு வருஷ சர்வீஸ் எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டேன்."

சமையலறையில் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்புறம்?"

"எந்த வருஷம் படிக்கிறீங்கன்னு கேட்டாங்க. அப்பத்தான் இது உன்னோடதுன்னு புரிஞ்சுது."

"உடனே போனை வெச்சிருக்கலாமே?"

"வெக்கல. கொஞ்சம் பேசினேன்."

"எதுக்குப்பா? உங்களுக்கு என்ன தெரியும்னு பேசினீங்க? நான் என்ன படிக்கிறேன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வரச் சொன்னாங்க. அட்ரஸ் அனுப்பறதுக்கு உன் நம்பர் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார். கிரிக்கெட் இருந்தும் அன்று டிவி போடவில்லை. நான் சொன்னது அதிகம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

மறுநாள் எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் கிருஷ்ணா. நரைத்த தாடி, தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நான் செய்த மொபைல் ஆப்பைப் பற்றிக் கேட்டார். எங்கள் காலனிக் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதலில் பார்க்கிறவர் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் நாற்பது வீட்டிலும் மணி அடிக்கும். இதை ஒரு மாதமாக ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பேசிப் பேசி மனப்பாடம் செய்திருந்தேன். கடகடவென்று சொல்லி முடித்தேன்.

"எல்லாம் சரி. டிசம்பர்ல என்ன ஆச்சு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை நான் எங்கேயும் எழுதவில்லை. டிசம்பரில் பிள்ளைகள் விளையாட்டுக்கு அழுத்தப்போய், காலனியே குடத்தோடு ஓடிவந்து காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தது. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வீட்டிலிருந்து அழுத்தினால்தான் மணி அடிக்கும் என்று மாற்றினேன். ஃப்ரிட்ஜிடம் முதலில் இதையும் சொல்லிப் பார்த்தேன், பிறகு மானம் போகிறது என்று வெட்டிவிட்டேன். அப்போதெல்லாம் அப்பா முன்னறையில் டிவியை அலறவிட்டுக்கொண்டு இருப்பார். காதில் எதுவும் விழாது என்றே நினைத்திருந்தேன்.

"உங்க அப்பாதான் சொன்னார்" என்றார் கிருஷ்ணா. "பன்னெண்டு நிமிஷம் பேசினார். 'அதை மட்டும் அவ சொல்லமாட்டா சார், வெக்கப்படுவா. நீங்களே கேளுங்க, நல்லா சரி பண்ணினா'ன்னார்."

கண் நிறைந்துவிட்டது. இன்டர்வியூவில் அழக் கூடாது என்று எத்தனையோ வீடியோவில் பார்த்திருக்கிறேன். துடைத்துக்கொண்டு டிசம்பர் கதையை முழுதாகச் சொன்னேன். நடுநடுவே அவர் கேள்வி கேட்டார், நான் பலகையில் படம் போட்டுக் காட்டினேன். வெளியே வரும்போது கையில் கடிதம் இருந்தது. மே மாதத்திலிருந்து எட்டு வாரம்.

படியிலேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, பக்தவத்சலம்." பின்னால் பட்டறையின் இரும்புச் சத்தம்.

"பக்தவத்சலம் காரு, பேகம்பேட்லேர்ந்து பேசறோம்" என்றேன், கம்பெனிக்காரர்கள் மாதிரித் தெலுங்கு மரியாதையோடு. "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. நேத்து பேசினதுக்கு... சாரிப்பா."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் மெல்லக் குறைந்தது. போனோடு எங்கேயோ ஒதுக்குப்புறமாகப் போகிறார் என்று புரிந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஜாயினிங் என்னிக்கு மேடம்?" என்றார் அப்பா.