பூட்டியிருந்தால் பக்கத்து வீடு

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள். பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். மாணவர்களின் தப்பைச் சிவப்பு மையில் வட்டமிட்டே பழகியவள். என் தப்பை வட்டமிடக் கை வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரு மாணவியின் கவனக்குறைவால் ஒரு குடியிருப்பே தன் கடைசிப் பேருந்தை..."

(அடித்துவிட்டேன். பொய். ஆனாலும் இங்கேயே கிடக்கட்டும். அடுத்தவள் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்.)

2

ஒரு குடியிருப்புக்குப் போகும் இரவு எட்டு மணிக் கடைசிப் பேருந்தை நிறுத்தலாமா என்று கருத்துக்கணிப்பு எடுத்துத் தரும்படி போக்குவரத்து அலுவலகம் எங்கள் துறையைக் கேட்டது. ஏழு வீட்டுக்கு ஒரு வீடாகக் கேட்பது, மொத்தம் நூற்றிருபது வீடு. மாணவர்கள் காலை பதினொரு மணிக்குக் கிளம்பினார்கள்.

"வீடு பூட்டியிருந்தா, மேடம்?"

"பக்கத்து வீட்டுல கேளுங்க."*

நூற்றொன்பது வீடுகள் பேருந்து வேண்டாம் என்றன.

* பாடத்தில் அப்படி இல்லை. வேறு நேரத்தில் திரும்பப் போய்க் கேள் என்றுதான் இருக்கிறது. நேரமில்லையென்று நானே சுருக்கினேன்.

3

கணக்கெடுக்கப் போன மாணவிகளில் ஒருத்திக்கு வகுப்பு வைத்த பெயர் சந்தேகம். எதற்கெடுத்தாலும் "மேடம், ஒரு சந்தேகம்" என்று எழுந்து நிற்பாள். இரண்டாம் வரைவில் அவளை நச்சரிப்புக்காரியாக்கிப் பார்த்தேன். அந்தப் பாத்திரம் ஒட்டவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி மூன்று ஐம்பது. அறிக்கை என் மேசையில். துறைத்தலைவர் கதவருகே நின்றார்.

"என்னம்மா, இன்னும் கையெழுத்து ஆகலையா? அலுவலகத்து ஆள் கீழே வந்தாச்சு."

அவர் நகர்ந்ததும் சந்தேகம் உள்ளே வந்தாள்.

"மேடம், நாப்பத்தோரு வீடு பூட்டியிருந்துச்சு. அந்நேரம் வேலைக்குப் போனவங்கதானே எட்டு மணி பஸ்ல திரும்புறாங்க?"

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"அதுல ஒண்ணு எங்க வீடு, மேடம்."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஏழு ஏழா எண்ணினப்ப எங்க வீடே வந்துச்சு. அம்மா தையல் கம்பெனிக்குப் போயிருந்தாங்க. சாவி என் பையிலதான் இருந்துச்சு. ஆனா கேள்வி கேட்கப் போறவங்க பதில் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்கல்ல. பூட்டிய வீடுன்னு எழுதிட்டுப் பக்கத்து வீட்டு மாமாவைக் கேட்டேன். அவர் ரிட்டயர் ஆனவர். பஸ்ஸா, எதுக்குன்னார்."

"பஸ் இல்லைன்னா அம்மா?"

"நாலு கிலோமீட்டர் நடக்கணும். இல்லைன்னா வேலையை விடணும்."

4

முடிவு ஒன்று: அறிக்கையைக் கிழித்தேன். வகுப்பே கை தட்டியது. (எழுதும்போதே கூசியது.)

முடிவு இரண்டு: துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு... (சொல்லியிருந்தால்தானே அவர் கழற்றுவார்.)

நடந்தது: கையெழுத்துப் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரிங்க மேடம்" என்றாள். அன்றிலிருந்து வகுப்பில் எழுந்து நிற்பதில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5

வரும் வெள்ளிக்கிழமையோடு பேருந்து நிற்கிறது. கணக்கெடுப்பு தப்பு, தப்பு என்னுடையது என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்தால் துறையின் பேர் கெடும், என் வேலையும் போகலாம்.

கொடுக்கவா? இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் வாசகரைக் கேட்பது வழக்கம். நானும் கேட்கத்தான் இருந்தேன். ஆனால் நீங்கள் யார்? உட்கார்ந்து படிக்க நேரம் வாய்த்தவர். கேட்டதும் அகப்பட்டவர். உங்களைக் கேட்டால் அதே தப்பை இரண்டாம் முறை செய்தவளாவேன்.

கேட்க வேண்டியது அவள் அம்மாவை. எட்டு மணிப் பேருந்து இன்னும் மூன்று நாள் ஓடும். ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை நாளாகக் கேட்காமல், உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.