காது மெஷினுக்குக் காத்திருந்தவர்

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலிலிருந்து பிறந்தது. போலிப் பார்சல் செய்திகளை நம்பாதீர்கள் என்று ஒரு வங்கி எனக்கு எழுதியிருந்தது. அந்த எச்சரிக்கையே போலியாக இருந்துவிட்டால்? வெகுநேரம் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்த பிறகு, இதை உட்கார்ந்து எழுதியவர் யாராக இருக்கும் என்ற யோசனை வந்தது. என் கையில் இருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: அவளுக்கு வங்கியில் எச்சரிக்கை எழுதும் வேலை. ஜன்னலே இல்லாத ஓர் அறையில், தினமும் அவள்

(வேண்டாம். ஜன்னல் இல்லை என்றதுமே நீங்கள் அவளுக்காகப் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: அவளுடைய அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய காது மெஷின் பழுதாகி, கூரியரில் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது இல்லாவிட்டால் யார் பேசினாலும் அவருக்கு வெறும் இரைச்சல்தான். மகளின் வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், மீதியைத் தலையாட்டிச் சமாளிப்பார். பெல் அடித்தாலும் காதில் விழாது என்பதால் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் கைப்பேசியில் அந்தச் செய்தி வந்தது. உங்கள் பார்சலின் முகவரி சரியில்லை, கீழே உள்ள லிங்கை அழுத்தித் திருத்தவும்.

(மோசடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கே அனுப்புகிறான். உண்மையாகவே பார்சலுக்குக் காத்திருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

3

அழுத்தினார். கார்டு எண்ணையும் ரகசிய எண்ணையும் கொடுத்தார். கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

மாலையில் மகள் வந்தாள். இந்த இடத்தில் அவளைப் பொறுமைசாலியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கத்தினாள்.

"ஊருக்கெல்லாம் நான்தான் எழுதி அனுப்புறேன். எங்கப்பாவே இப்படிப் பண்ணினா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? நான் எழுதினதப் படிக்கவே இல்லையாப்பா?"

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சேன்மா. நீ எழுதினதப் படிக்காம விடுவேனா? சந்தேகமா இருந்தா கூரியர் கம்பெனிக்கு போன் பண்ணி விசாரிக்கணும்னு போட்டிருந்த. பண்ணினேன்."

"பண்ணீங்களா? என்ன சொன்னாங்க?"

"நம்பி அழுத்தலாமான்னு கேட்டேன். யாரோ ரொம்ப நேரம் பேசினாங்க. ஒண்ணும் புரியல. திரும்பத் திரும்பக் கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு, சரிங்கன்னு சொல்லி வச்சுட்டேன்."

அழுத்தாதீர்கள் என்றுதான் அவர்கள் அவ்வளவு நேரமும் சொல்லியிருப்பார்கள்.

போன் பண்ணி விசாரியுங்கள் என்ற அந்த வரியை எழுதிய நாளில், தன் வீட்டிலேயே ஒருவருக்கு போனில் பேச முடியாது என்பது அவளுக்கு ஏன்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

4

முடிவுக்கு வருகிறேன். போலீஸார் பணத்தை மீட்டுக் கொடுத்தார்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். காது மெஷின் வந்தது, மாட்டியதும் அவர் முதலில் கேட்டது மகளின் அழுகையை என்று எழுதினேன். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது, அதையும் அடித்தேன்.

மிஞ்சியது இதுதான். அவள் மன்னிப்புக் கேட்டாள். அழுதுகொண்டே கேட்டதால் வாய் கோணிப்போய், அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. புரிந்ததுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

என்ன எழுதுவாள்? எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள், நீங்களே எழுதுங்கள். பெரிய எழுத்தாக இருக்கட்டும். அவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.