ஐஸ் மெல்லிசு என்று சொன்னவள்

ஐஸின் கனத்தைத் தட்டிப் பார்க்கிற கடப்பாரை தோளில் இருந்தும் நான் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

காரணம் ஆல்போ. டிசம்பர் முதல் வாரம், எங்கள் ஏரி உறைந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பது மணிக்கு வெளிச்சம் வந்ததும் பார்த்தால், எதிர்க்கரை ஆல்போ நடு ஏரியில், அடித்தரை உயர்ந்து மீன் கூடும் மேட்டுப்பக்கம், பெட்டி போட்டு உட்கார்ந்து தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது. முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டி ஒரு தடவைகூடப் பள்ளத்தில் இறக்காதவர். அவரே போய் உட்கார்ந்திருக்கிறார் என்றால் பிறகு என்ன? எங்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஐஸில் இன்னொருவர் தட்டித் தட்டி நடந்து போனால் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஏரி உருகும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். நான் நேராக நடந்தேன்.

ஏரிக்குள் நீளும் நிலமுனைக்கும் எதிரே உள்ள தீவுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. அடியில் நீரோட்டம். அங்கே காலுக்குக் கீழே ஐஸ் லேசாக அமுங்கியது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் கால்தடங்களில் தண்ணீர் ஊறிக் கறுத்திருந்தது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். என் அறுபத்தொரு கிலோவைத் தாங்காதா என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

"என்ன ஆல்போ, மீன் இருக்கா, இல்ல தூண்டிலைத் தாலாட்டுறீங்களா?"

"ஆறு பெர்ச். எல்லாம் உள்ளங்கை அளவு. ஹில்க்கா, உன் பக்கம் ஐஸ் எவ்வளவு கனம்?"

"நான் எங்க பார்த்தேன்? நீங்க உட்கார்ந்திருக்கீங்களேன்னு வந்தேன்."

அவர் கையில் தூண்டில் நின்றது.

"உன் விளக்கைப் பார்த்துட்டுத்தானேம்மா நான் விடியறதுக்கு முன்னாடி கிளம்பினேன்! நீயே நடமாடுறியே, அப்ப சரியாத்தான் இருக்கும்னு."

என் விளக்கு அப்போது கரையோர நாணலுக்குள் இருந்தது, ஐஸ் உடைந்தாலும் முழங்கால் ஆழம்தான் உள்ள இடத்தில். அதைச் சொன்னேன்.

"ட்ரில் போட்டீங்களே, அளக்கலையா?"

"அளந்தேன். ஏழு சென்டிமீட்டர். ரேடியோவுல ஹெல்சின்கிக்காரங்க அஞ்சு போதும்ங்கிறாங்க."

கையுறையைக் கழற்றி அவருடைய துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஏழுதான். ஆனால் மேலே நான்கு சென்டிமீட்டர் வெள்ளை, கீழே மூன்றுதான் கறுப்பு. கறுப்புதான் ஐஸ். வெள்ளை என்பது விழுந்த பனி நனைந்து இறுகியது, பாதி பலம்கூட இல்லாதது.

"வெள்ளையையும் சேர்த்தா எண்ணினீங்க? தபால் வண்டிக்காரருக்குக் கறுப்பு வெள்ளை தெரியாதா?"

"நீ மட்டும் என்ன, கடப்பாரையை அழகுக்கா தூக்கிட்டு வந்த?"

நியாயமான கேள்வி. அவரிடமிருந்து பத்து மீட்டர் தள்ளிப் போய் நின்றேன். ஒரே இடத்தில் இரண்டு பேர் எடை வேண்டாம். அங்கிருந்தபடியே கணக்குப் போட்டோம். என் வழியில் இடுக்கு இருக்கிறது, அது கூடாது. அவர் வழியில் நீரோட்டம் இல்லை. குப்புறப் படுத்து, முன்னும் பின்னுமாக இருபது மீட்டர் இடைவெளியில் ஊர்ந்து போனால் கரை சேரலாம். கழுத்தில் ஆணிப்பிடிகள் இரண்டு பேருக்குமே இருந்தன. உள்ளே விழுந்தால் குத்திப் பிடித்து ஏற அவை போதும். பெட்டிகளை விட்டுவிட்டுப் போவதென்று முடிவானது.

அப்போதுதான் என் தம்பி தாயிஸ்தோ நிலமுனையைச் சுற்றி வருவதைப் பார்த்தேன். நூற்றுப்பதினெட்டு கிலோ. பின்னால் சறுக்குவண்டியில் பெட்டி, ட்ரில், அடுப்பு, காபிக் கெட்டில், எல்லாம். என் கால்தடத்திலேயே கால் வைத்து வந்துகொண்டிருந்தான். இடுக்குக்கு முந்நூறு அடிதான் இருக்கும்.

ஆல்போ எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார்.

"கையைக் கீழ போடுங்க!" என்று கத்தினேன். எங்கள் ஏரியில் துளைக்குப் பக்கத்தில் நின்று கையாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மீன் கடிக்கிறது, ஓடி வா. தாயிஸ்தோவும் பதிலுக்குக் கையாட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டான்.

எதிர்க்காற்று. கத்தி ஒன்றும் ஆகாது. சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்தேன்.

"தாயிஸ்தோ, அங்கேயே நில்லு. ஐஸ் மெல்லிசு."

சிரித்தான். "ஆரம்பிச்சிட்டியா? அப்ப செமையா கடிக்குதுன்னு அர்த்தம்."

அவனைக் குறை சொல்ல முடியாது. நல்ல இடத்தில் உட்கார்ந்திருப்பவள் மற்றவர்களை விரட்டச் சொல்லும் வாக்கியம் அது. எல்லாரும் சொல்வதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மேட்டிலிருந்து இதையே சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பதினான்கு கிலோ மீன் பிடித்தேன். கடையில் யாரோ அவனிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு அவன் வரவில்லை.

"இந்தத் தடவை நிஜம்டா."

"இதையும் அன்னைக்கே சொல்லியாச்சு."

"இடுக்குல என் தடத்துல தண்ணி ஊறியிருக்கு. நீ என்னை மாதிரி ரெண்டு ஆளுடா!"

"என் எடையை இழுக்காத."

நடந்துகொண்டேதான் பேசினான். போனில் அவன் பூட்ஸ் நெறுநெறுவென்று கேட்டது.

"மீனே இல்ல, போதுமா?"

"அப்ப ஆல்போ எதுக்குக் கையாட்டினாரு? உடற்பயிற்சியா?"

போனை ஐஸின்மேல் சறுக்கவிட்டு ஆல்போவிடம் தள்ளினேன். "தம்பி, அவ சொல்றது உண்மைப்பா" என்றார் அவர். கேட்டுவிட்டு முகம் சிவந்து திருப்பித் தள்ளினார். "எனக்கு எத்தனை கிலோ பங்குன்னு கேக்குறான்."

இடுக்குக்கு இன்னும் நூற்றைம்பது அடி. எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். என் வாயே அவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே ஓடினால் இடுக்கில் நான்தான் முதலில் போவேன். அழுதாலும் நடிப்பு என்பான். நான் எதைச் சொன்னால் நம்புவான்?

"தாயிஸ்தோ, கேளு. பழைய மர மில் வேலி தெரியுமில்ல? கடைசிக் கல்தூணுக்கு நேரா, நாணலுக்குள்ள, கரையிலேர்ந்து பதினாலு அடி. இடுப்பளவுதான் தண்ணி. அடியில மூழ்கின கட்டைங்க கிடக்கு. பதினோரு வருஷமா நான் பிடிச்ச பெரிய மீன் எல்லாம் அங்கேதான். போட்டியில ஜெயிச்ச ஒரு கிலோ பெர்ச்சும் அங்கேதான், இந்த மேட்டுல இல்ல. யார்கிட்டயும் சொன்னதில்ல. என் புருஷன் சாகிறவரைக்கும் அவர்கிட்டயும் சொன்னதில்ல. உனக்கே தர்றேன், எடுத்துக்கோ. திரும்பி அங்க போ."

பூட்ஸ் சத்தம் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா" என்றான். குரலே மாறியிருந்தது. "அப்படீன்னா ஐஸ் நிஜமாவே மெல்லிசா?"

"ஆமாடா."

"நான் இப்ப எங்க நிக்கிறேன்?"

"இடுக்கு இன்னும் வரல, பயப்படாத. வண்டிக் கயித்தை விடு. மெதுவா குப்புறப் படு. வந்த தடத்துலயே ஊர்ந்து போ."

படுத்தான். அத்தனை பெரிய உடம்பு கைகால் பரப்பி ஊர்வதைப் பார்த்து இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "போனை வச்சிடாதக்கா, ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்றான். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்குப் பிடித்த பதினான்கு கிலோவை யார் யாருக்குக் கொடுத்தேன் என்று பெயர் பெயராகச் சொன்னேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். நிலமுனைப் பாறையில் அவன் கை வைக்கிற வரை நாங்கள் அசையவில்லை.

பிறகு நானும் ஆல்போவும் ஊர்ந்தோம். ஒரு மணி நேரம் பிடித்தது. இரண்டு இடத்தில் ஐஸ் முனகியது, முழங்கை வரை நனைந்தது, அவ்வளவுதான். தாயிஸ்தோ காரில் ஏரியைச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு முன்பே ஆல்போவின் கரைக்கு வந்து சேர்ந்திருந்தான். ஆல்போவின் ஏணியை எடுத்து ஐஸின்மேல் நீட்டிக்கொண்டு, மண்டிபோட்டிருந்தான். முதலில் ஆல்போவை இழுத்துவிட்டான். பிறகு என்னை. கரையேறிய பிறகும் என் கையை விடவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"கடைசித் தூணா, கடைசிக்கு முந்தின தூணா?"

முந்தினது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"கடைசி" என்றேன்.