இழை விட்ட இடம்

பங்குனி மாதத்து இரண்டாம் செவ்வாயன்று, நிகழ்த்துகலைக்காரி ஜெயசுதா தாராபுரத்தில் மேடையேறியபோது, கூடியிருந்த அறுபது பேரின் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. கைபேசியை உயர்த்திப் பிடித்தவர்களின் திரையில் மட்டும் தெரிந்தாள். நோய்த்தொற்றுக் காலம் தொடங்கி நான்காண்டுகள் அடைத்த அறையில் கேமராவுக்கு மட்டுமே தன்னைக் காட்டி வந்தவள். உடல் அந்தப் பழக்கத்திலேயே நின்றுவிட்டது என்று சொன்ன மருத்துவர், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊரார் திரைவழியே பார்த்துக் கைதட்டிக் கலைந்தனர். அவளுக்கோ சோறு இறங்கவில்லை. காட்டுவது ஓர் அருள், காண்பது மற்றோர் அருள், இரண்டும் கூடினால்தான் காட்சி என்று சாத்திர வகுப்பில் கற்றிருந்தவள், இரண்டாவது அருள் தன்னைவிட்டு நீங்கியதென்றே அஞ்சினாள்.

அந்த அச்சத்தோடுதான் மங்கலம் சாலையிலுள்ள ஒரு பனியன் கம்பெனியில் நாற்பது நாள் தங்கிக் கலை நிகழ்த்தும் அழைப்பை ஏற்றாள். அங்கும் ஒரு கண்ணாவது காணாவிட்டால் அறைக்கே திரும்பிவிடுவது, மனிதர்முன் இனி நிற்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். முதலாளி சண்முகவேல் தம் கைபேசி வழியே அவளைப் பார்த்து வணங்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"போன்ல லட்சணமாத்தானுங்க கண்ணு தெரியறீங்க. ஆனா டிசைன் வெளிய போயிருமுன்னு எங்காளுங்க போனை கேட்லயே குடுத்துட்டுத்தான் உள்ள வருவாங்க. அப்பறம் யாருக்குங்க ஆடுவீங்க?"

"போனில்லாத அந்தக் கண்ணுகளுக்குத்தானுங்க வந்தேன்" என்றது அவர் எதிரிலிருந்த வெறும் நாற்காலி.

முப்பத்தொன்பது நாள், தேநீர் மணி அடித்ததும் செக்கிங் மேசைமீது ஏறிக் கைகளை உயர்த்தி நின்றாள். இருநூறு பேர் வடையைக் கடித்தபடி காலி மேசையைப் பார்த்தனர். சிலர் மரியாதைக்குக் கைதட்டினர். ஒருவன் தேநீர்க் குவளையை அவள் பாதத்தின்மேல் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். நாற்பதாம் நாள் அவள் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின, மேசையும் ஆடியது. அதன் ஓரத்தில் தலைசாய்த்துத் தினமும் உறங்கும் ஒச்சம்மாள் அன்றுதான் விழித்தாள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துணியில் இழை விட்ட பிழை தேடிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். கண்ணைச் சுருக்கினாள்; எட்டி வெட்டவெளியில் ஓர் அம்பை ஒட்டினாள். அது ஜெயசுதாவின் விலாவில் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, என்னத் தெரியுதுங்களா?"

"நீ எங்க ஆத்தா தெரியுற? நீ நிக்கிற எடத்துல வெளிச்சம் எழை விட்டுருக்கு. அதத்தான பாக்கச் சம்பளம் குடுக்குறாக."

செக்கிங் பெண்கள் அனைவரும் சூழ்ந்துகொண்டு, ஒச்சம்மாள் கைகாட்டிய இடங்களில் ஒட்டினர். "மூக்க இம்புட்டுத் தள்ளியா ஒட்டுவ? அவ என்ன யானையாடி?" என்று ஒச்சம்மாள் ஒருத்தியை அதட்டினாள். தேநீர் ஆறுவதற்குள் செந்நிற அம்புகளாலான ஒரு பெண் அங்கே நின்றாள். அம்புகள் அனைத்தும் நடுங்கின. அவள் ஒருநாளும் ஒத்திகை பார்த்திராத அந்த அசைவை இருநூறு கண்ணிணைகள் கண்டன. கன்னத்து அம்புகள் இரண்டும் நனைந்து மெல்லக் கீழிறங்கின.

மணி அடித்தது, எல்லோரும் இயந்திரங்களுக்குத் திரும்பினர். சண்முகவேல் ஸ்டிக்கர் கூடுதலாக வாங்கச் சொன்னார். இப்போது தொலைவிலுள்ள கொமரலிங்கம் ஊர்வரை அவளை அழைக்கிறார்கள். அரங்க வாசலில் சந்தனத்தோடு ஆளுக்கோர் அம்பு தருகிறார்கள். வருகிறவர்கள் மேடையேறி ஒட்டிவிட்டுத் தத்தம் இருக்கையில் அமர்கிறார்கள். நடுக்கம் மட்டும் அவளுக்கு இன்னும் நின்றபாடில்லை. அதைப் பார்க்கத்தான் வருகிறோம் என்கிறார்கள் ஊரார்.