வைக்கோல் பொம்மைக்கு மாட்டிய கோட்டு

"கழட்டு அதை."

"கழட்டறதுக்கா இவ்வளவு மல்லுக்கட்டி மாட்டினேன்? வைக்கோல் கை வளையவே மாட்டேங்குது..."

"மேவிஸ், அது எங்க வில்ஃப் கோட்டு."

"யாரு கோட்டுன்னு எனக்குத் தெரியாதாக்கும். என் புருஷனுக்குப் பொத்தான் அத்துப்போனப்பல்லாம் உக்காந்து தச்சவ நான்."

"தெரிஞ்சேதான் இவனுக்குப் போட்டியா? பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் போன பயலுக்கு? ஊரே கைதட்டி எரிக்கிற பொம்மைக்கு எங்கண்ணன் கோட்டா?"

நெவில் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடுவதாக இல்லை. வண்டிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது பொம்மை. தலையணை உறையில் முகம், கரியால் இழுத்த மீசை, அதற்குக் கீழே பழுப்புக் கட்டம் போட்ட கம்பளிக் கோட்டு. கிரிக்கெட் மைதானத்து ஓரத்தில் விறகு வீட்டு உயரத்துக்கு ஏறியிருந்தது. இருட்டத் தொடங்கியதுமே பிள்ளைகள் வேலிக் கதவில் தொற்றிக்கொண்டு நின்றார்கள்.

நானூறு வருஷத்துக்கு முன் பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் போய் மாட்டிக்கொண்டவனைப் பொம்மையாகச் செய்து நவம்பர் ஐந்தாம் தேதி ராத்திரி எரிப்பார்கள். வருஷம் ஒரு வீட்டார் அந்தப் பொம்மைக்கு உடுத்திவிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அந்த வீட்டில் யாராவது போட்டுப் பழகிய துணியாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிப் போட்டுவிட்டால் அடுத்த நவம்பர் வரைக்கும் கேலி ஓயாது. இந்த வருஷம் மேவிஸின் முறை.

"அந்துப்பூச்சி அரிச்சுப்போச்சு" என்றாள் மேவிஸ்.

"எங்கே அரிச்சிருக்கு, காட்டு பாப்போம்."

"உனக்குக் காட்டி அத்தாட்சி வாங்கணுமா?"

"வில்ஃபோட மத்ததையெல்லாம் தர்மக் கடைக்குக் கொடுத்தியே, இதையும் கொடுத்திருக்கலாமில்ல?"

"கொடுத்தா? எவனாவது வாங்கிப் போட்டுக்கிட்டு என் முன்னாலயே நடந்து போவான்."

சொல்ல நினைக்காதது வாயில் வந்துவிட்டது. மேவிஸ் குனிந்து பொம்மையின் காலில் பிதுங்கிய வைக்கோலை உள்ளே திணித்தாள். போன வசந்தத்தில் சந்தையில் இதே மாதிரி கோட்டுப் போட்ட ஒருவனுடைய முதுகைப் பார்த்துவிட்டு, கூடையும் கையுமாக மீன் கடை வரைக்கும் பின்னாலேயே போயிருந்தாள். அவன் திரும்பினான். யாரோ ஒருவன். மூக்கில் மரு இருந்தது. அன்றைக்கு அவள் உருளைக்கிழங்குகூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அலமாரிக்குள் தொங்கும் இந்தக் கோட்டைக் கண்டு அதற்குமேல் பயப்பட அவளுக்குத் தெம்பில்லை. தீயில் போனால் இனி எவன் முதுகிலும் அது ஏறாது.

நெவில் கைப்பிடியை விட்டான்.

"எனக்குத் தந்திருக்கலாம்" என்றான்.

"நீ கேக்கலையே."

"எப்படிக் கேக்கறது? சாவு வீட்டுல வந்து, சாண்ட்விச்சை மென்னுக்கிட்டே, 'மேவிஸ், அந்தக் கோட்டு எனக்கு'ன்னா?"

"கேட்டிருந்தா உன்னை அடுப்புக் கரண்டியால அடிச்சிருப்பேன்."

"அதான் கேக்கலை."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. இரண்டு வருஷமாக வில்ஃப் தனக்கு மட்டுமே செத்துப்போனவன் என்பதுபோல இருந்துவிட்டோமோ என்று தோன்றியது. இவனுக்கும் அண்ணன்தானே.

பட்டாணி வெந்துகொண்டிருந்த அண்டாப் பக்கமிருந்து ப்ரெண்டாவின் குரல் வந்தது. விழாக் குழுவுக்கு அவள்தான் தலைவி. "ரெண்டு பேரும் சண்டையை நாளைக்கு வச்சுக்கறீங்களா? பிள்ளைங்க குளிர்ல நடுங்குது. பொம்மையை ஏத்துங்க."

"எங்க வீட்டுத் துணிதான் எரியணும்" என்றாள் மேவிஸ். "அம்மணமா ஏத்தச் சொல்றியா?"

நெவில் தன் ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினான். ஆரஞ்சும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது. "நானும் உங்க வீடுதானே. இது டோரீன் பின்னினது. எரிஞ்சா எனக்கு விடுதலை."

"உன் பெண்டாட்டி உன்னைத் தூக்கி உள்ளே போடுவா."

"போடட்டும். கதகதப்பா இருக்கும்."

பனியனோடு நின்றவனுக்குப் பல் கிட்டியது. மேவிஸ் அவனைப் பார்த்தாள். பிறகு பொம்மையின் கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளே ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டி உதறினாள்.

"இன்னைக்கு மட்டும்" என்றாள். "என் கண்ணுல படாம போட்டுக்கோ."

"இந்த மைதானத்துல நான் எங்கே போய் ஒளியறது?"

கோட்டின் கை அவன் விரல் நுனி வரை வந்தது. வில்ஃப் அரைச்சாண் உயரம் கூட. மேவிஸ் பார்வையைத் திருப்பிக்கொண்டு இஞ்சிக் கேக் தட்டு இருந்த மேசைப் பக்கம் போய்விட்டாள்.

ஏணி வைத்துப் பொம்மையை உச்சியில் உட்கார வைத்தார்கள். பந்தம் பற்றியது. அடியிலிருந்த சுள்ளிகள் சடசடத்தன. பிறகு தீ ஒரே மூச்சாக மேலே ஏறியது. ஆரஞ்சும் பச்சையும் கறுத்துச் சுருங்க, டோரீன் எங்கிருந்தோ கத்தினாள்: "நெவில், அது நான் பின்னின ஸ்வெட்டர் மாதிரி இருக்கே." கூட்டம் சிரித்தது. முதல் ராக்கெட் சீறிப் போய் வெடித்தது. பிள்ளைகளின் கையில் கம்பி மத்தாப்புகள் பொறி சிந்தின.

மேவிஸ் கையில் எடுத்த கேக் வாய்க்குப் போகவில்லை. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில், அவளுக்கு நேர் முன்னால், தீயைப் பார்த்து நின்றது அந்தக் கோட்டு. இரண்டு கையும் பையில். வானத்தைப் பார்க்க இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது, வில்ஃபுக்குச் சரிவதுபோலவே. தீ வெளிச்சத்தில் அரைச்சாண் குறைவது தெரியவில்லை.

போய்விடலாம் என்றுதான் காலை எடுத்தாள். கால் முன்னால் போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றாள். காலடி கேட்டு அந்தத் தலை லேசாக அசைந்தது.

"நெவில், திரும்பாதே. கொஞ்ச நேரம் அப்படியே நில்லு."